இடது காது லைன்

நீலமேகத்துக்கு முப்பத்து நான்கு வயதாகியும் கல்யாணம் ஆகாமல் இருந்ததற்குச் செவ்வாய் தோஷம் காரணமில்லை. அவனுடைய இடது காதுதான் காரணம்.

வலது காதில் ஒரு குறையும் கிடையாது. ஊரில் எல்லோரையும் போல அவனுக்கும் அதன் பின்னால் மிளகு அளவில் ஒரு கார்டு ஒட்டியிருந்தது. ஏகா கம்பெனி கொடுத்தது. தேட, படிக்க, பாட்டுக் கேட்க, பஸ் ஏற, பால் வாங்க என்று எதற்கும் அந்தக் கார்டு வழியாகத்தான் லைன் வரும். 'ஒரு தலை, ஒரு லைன்' என்பது ஏகாவின் சட்டம். தன் லைனை இன்னொரு தலைக்குக் கொடுத்தது தெரிந்தால் இரண்டு தலைக்கும் லைன் போய்விடும். அப்புறம் பஸ் கதவுகூடத் திறக்காது.

ஏன் இத்தனை கெடுபிடி? ஏகா பிழைப்பு நடத்தியது லைனை வைத்து இல்லை, நிழலை வைத்து. ஒரு மனிதன் லைனில் எதைத் தேடினான், எதைப் பார்த்துச் சிரித்தான், எந்த இடத்தில் தயங்கினான் என்பதையெல்லாம் சேர்த்துப் பிசைந்து, அவனைப் போலவே பேசும் ஒரு நிழலைச் செய்து வைத்தது. குரல் அவன் குரல். மனசும் அவன் மனசேதான் என்று கம்பெனி சத்தியம் செய்தது. வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களும் வீடு வாடகைக்கு விடுகிறவர்களும் முதலில் நிழலிடம்தான் பேசினார்கள். கல்யாணத்தைக் கேட்கவே வேண்டாம். ஜாதகப் பரிமாற்றம் போய் நிழல் பரிமாற்றம் வந்துவிட்டது. பெண் பார்க்கப் போவதற்கு முந்தின வாரம் முழுக்கப் பிள்ளையின் நிழல் பெண்ணின் லைனில் இருக்கும், பெண்ணின் நிழல் பிள்ளையின் லைனில் இருக்கும். ஜாதகத்தை ஜோசியருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துத் திருத்திவிடலாம், நிழலை யார் திருத்த முடியும் என்று பெண்ணைப் பெற்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். பாவம், மனிதர்களைப் பற்றி அவ்வளவுதான் தெரியும் அவர்களுக்கு.

இடது காது விவகாரம் ரோஹித் சாரிடம் ஆரம்பித்தது. கூடுவாஞ்சேரியைத் தாண்டி நீலமேகம் குடியிருந்த அடுக்ககத்தில் எதிர் வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அந்தத் தலைமுறைக்கெல்லாம் ரோஹித், தன்யா, பிரணவ், ரியா என்று பழைய காலத்துப் பெயர்கள்தான். ஒருநாள் காலையில் வந்து நின்றார்.

"நீலமேகம், என் கார்டு சூடாகி, கம்பெனி லைனைப் பிடிக்கறது நின்னு போச்சுப்பா. புதுசு வர ரெண்டு நாள் ஆகுமாம். அதுவரைக்கும் உன் லைன்ல கொஞ்சம் ஒதுங்கிக்கலாமா?"

உறைமோர், ஏணி, விருந்தாளிக்கு ஒரு பாய் என்று யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாத கட்டடம் அது. அதிலும் நீலமேகத்துக்கு இல்லை என்ற சொல் நாக்கில் ஏறவே ஏறாது. ஆனாலும் தயங்கினான்.

"சார், அது சட்டப்படி..."

"சட்டம் எனக்குத் தெரியாதா? உங்க தாத்தா பிரவுசிங் சென்டர் வச்சிருந்தாரே, அங்க எத்தனை லைன்?"

"ஒண்ணு சார்."

"எத்தனை கம்ப்யூட்டர்?"

"பத்து சார்."

"அது எப்படி?"

நீலமேகம் சின்ன வயதில் கேட்டதைச் சொன்னான். "முன்னால இருக்கற கம்ப்யூட்டர்ல ரெண்டு நெட்வொர்க் கார்டு சொருகியிருப்பாராம் சார். ஒண்ணுல வெளிய இருந்து லைன் வரும். இன்னொண்ணு வழியா உள்ள இருக்கற மத்த கம்ப்யூட்டருக்கெல்லாம் போகும். உள்ள எத்தனை பேர் உக்காந்து எதைப் பார்த்தாலும், வெளிய இருக்கறவனுக்கு முன்னால இருக்கற அந்த ஒண்ணுதான் தெரியும். எல்லாத்தையும் அதுவே கேக்குதுன்னு நினைச்சுப்பான்."

"அவ்வளவுதானே. உனக்கும் ரெண்டு காது இருக்கே" என்றார் சார்.

பழைய சாமான் கடையில் இன்னொரு கார்டு கிடைத்தது. நீலமேகம் அதை இடது காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டான். வலது காதில் வந்த லைன் இடது காது வழியாக எதிர் வீட்டுக்குப் போயிற்று. கம்பெனிக்குத் தெரிந்தது நீலமேகத்தின் தலை மட்டும்தான்.

இரண்டு நாளில் சாருக்குப் புதுக் கார்டு வந்துவிட்டது. ஆனால் அதற்குள் அவர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த இரண்டு நாளில் அவர் பார்த்தது எதுவும் அவர் நிழலில் ஒட்டவில்லை. எல்லாம் நீலமேகத்தின் பேரில் ஏறியிருந்தது. அன்றிலிருந்து சார் தன் லைனில் தலையங்கமும் திருக்குறள் விளக்கமும் பார்த்தார். மனசுக்குப் பிடித்ததைப் பார்க்க வேண்டுமென்றால் தன் கார்டை நீலமேகத்தின் இடது காதுக்குத் திருப்பிக்கொண்டார்.

இந்த மாதிரி விஷயம் எத்தனை நாள் உள்ளே கிடக்கும்? யாருக்கும் தெரிய வேண்டாம்ப்பா என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவராக வந்தார்கள். மூன்றாம் மாடி தன்யா மாமி வந்தாள். பிரணவ் சார் வந்தார். அவர் மனைவி ரியா அக்கா, அவருக்குத் தெரியாமல் வந்தாள். கல்லூரிக்குப் போகும் பொற்கொடி, அசோசியேஷன் செயலாளர் தேஜஸ், வாசல் காவலுக்கு இருந்த அந்தோணி, ரோஹித் சாரையும் சேர்த்து ஏழு பேர். நீலமேகத்துக்கு அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது தெரியாது. இடது காது சூடாகும், அவ்வளவுதான். மூன்று வருஷம் இப்படி ஓடியது.

முதல் அடி காஞ்சிபுரத்து வரனில் விழுந்தது. பெண்ணின் அப்பா நீலமேகத்தின் நிழலை ஹாலில் எல்லோரும் கேட்கச் சத்தமாக வைத்துக்கொண்டு, தம்பிக்குச் சாப்பாட்டில் எது பிடிக்கும் என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்.

"கருவாடு வறுக்கற வாசனை" என்றது நிழல், நீலமேகத்தின் குரலில். "சாப்பிட வேண்டாம். வாசனை வந்தா போறும். பெருமாளே, இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோ."

"சரி, வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"இடுப்பை ஒடிச்சுத் திரும்பற இடம்தான் வரமாட்டேங்குது. அறுபத்தஞ்சு வயசுக்கு இதுக்கு மேல வளையாது."

பெண்ணின் அப்பா நீலமேகத்தின் அம்மா ஸ்வேதாவைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பையனுக்கு வயசு என்னன்னு சொன்னீங்க?"

அதற்குப் பிறகு வந்த வரன்களும் அப்படியே போயின. ஸ்வேதா திருப்பதிக்குக் காசு முடிந்து வைத்தாள். பையனுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அழுதாள். செய்வினை வைத்தவர்கள் ஏழு பேரும் தினம் காலையில் அவளிடம் நின்று நலம் விசாரித்துவிட்டுத்தான் போனார்கள்.

அப்போதுதான் செங்கல்பட்டிலிருந்து மரகதத்தின் வரன் வந்தது. நீலமேகம் அவளை ஏற்கெனவே ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறான். பந்தியில் கடைசி வரிசைக்குப் பாயசம் வராமலே பரிமாறும் இயந்திரம் திரும்பிப் போயிற்று. அவள் எழுந்து போய் அதன் முன்னால் நின்று, "எங்க போற? இங்கயும் மனுஷங்கதான் உக்காந்திருக்காங்க" என்று மறித்து, தள்ளிக்கொண்டு வந்து விட்டாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் நீலமேகமும் ஒருவன். பாயசத்தைக் குடித்தானா என்று அவனுக்கு நினைவில்லை. அவள் முகம் மட்டும் நினைவிருந்தது. அதனால், "இந்தப் பொண்ணு இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்மா" என்று வாழ்க்கையில் முதல் முறையாக அம்மாவிடம் வாயைத் திறந்து சொன்னான்.

சொல்லிவிட்டானே தவிர, வழி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டும், அதுவரை வாரம் முழுக்க அவன் நிழல் மரகதத்தின் லைனில் இருக்கும். உண்மையைச் சொன்னால் ஏழு பேர் மானமும் லைனும் போகும். சொல்லாவிட்டால் மரகதம் போவாள். கடைசியில் வீடு வீடாக ஏறி இறங்கி, நிழலில் புதிதாக ஏறுவதுதான் முந்திக்கொண்டு பேசும், ஒரு வாரம் மட்டும் என் காதை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினான்.

"ஒரு வாரம்தானேடா" என்றாள் தன்யா மாமி. "ஏகாதசி விரதம்னு நினைச்சுண்டுடறேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பாத்துக்கறேன்."

ரோஹித் சாரும் ஒத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு பரீட்சை இருக்கு. அது முடிஞ்சதும் நிறுத்திடறேன்" என்றார்.

விரதத்துக்கு முந்தின நாள் வயிறு முட்டச் சாப்பிடுவார்களே, ஏழு பேரும் அதைச் செய்தார்கள். விரதம் மட்டும் ஆரம்பிக்கவே இல்லை. நாளைக்கு நிறுத்தப்போகிறோம் என்ற நினைப்பிலேயே இன்றைக்கு இரண்டு மடங்கு பார்த்தார்கள். இடது காது தோசைக்கல்லாகக் காய்ந்தது. நீலமேகத்துக்கென்று லைனில் ஒரு நூல் அளவு இடம்கூட இல்லை. மரகதத்தின் நிழல் வந்துகொண்டிருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது என்றே வலது காது வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை வரவில்லை.

"பொண்ணு நிழல் என்னடா சொல்லுது? சத்தமா வையேன், நானும் கேக்கறேன்" என்றாள் ஸ்வேதா.

"நாங்க தனியாப் பேசிக்கறோம்மா" என்றான் நீலமேகம். ஸ்வேதாவுக்கு வெட்கமாகிப்போய் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டுக்குப் போனார்கள். இந்த முறை யாரும் முன்கூட்டியே கூப்பிட்டு, வர வேண்டாம் என்று சொல்லாததே ஸ்வேதாவுக்குப் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது. பஜ்ஜி, கேசரி எல்லாம் வந்தன. மரகதத்தின் அம்மா ஹர்ஷினி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எங்க பொண்ணு நிழல்கிட்ட ஒரு வாரமாப் பேசியிருப்பீங்க. எப்படித் தம்பி?"

"ரொம்ப நல்ல மாதிரிங்க" என்றான் நீலமேகம், பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டே.

ஹர்ஷினியின் முகம் ஏனோ தன்னையே பாராட்டிவிட்ட மாதிரி மலர்ந்தது. மரகதம் அதைப் பார்த்துவிட்டு எழுந்தாள். "அம்மா, நாங்க பால்கனியில கொஞ்சம் பேசிட்டு வந்துடறோம்."

கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுக் கம்பியில் சாய்ந்துகொண்டாள். நீலமேகம் முந்திக்கொண்டு, "என் நிழல் ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க" என்றான்.

"எதுக்கு? இதுவரைக்கும் பதினொரு மாப்பிள்ளை நிழல் பார்த்துட்டேன். எல்லாம் காலையில எந்திரிச்சா யோகா, அப்புறம் நல்ல புஸ்தகம், அம்மா மேல பாசம். கம்பெனி பாக்குதுன்னு தெரிஞ்சு பல் விளக்கிட்டு வந்து நிக்கற மனசுங்க. உங்களோடதுதான் தலை கலைஞ்ச நிழல். அது பொய் பேசலை. எனக்கு அதை ரொம்பப் பிடிச்சிருந்துது."

நீலமேகத்துக்கு உச்சி குளிர்ந்தது.

"ஆனா அது ஒரு ஆள் இல்லையே" என்றாள் அவள்.

குளிர்ந்த உச்சி அப்படியே வேர்த்தது.

"நான் குழந்தைங்க காப்பகத்துல வேலை பாக்கறேன். இருபது குழந்தை ஒரே நேரத்துல அழும். எதுக்குப் பசி, எதுக்குத் தூக்கம், எதைச் சும்மா தூக்கி வச்சுக்கிட்டாப் போதும்னு கேட்ட உடனே தெரியணும். உங்க நிழல்ல குரல் ஒண்ணுதான். அழுகை வேற வேறயா இருக்கு."

இதற்கு மேல் மறைப்பதில் அர்த்தமில்லை. தாத்தாவின் கடையில் ஆரம்பித்து இரண்டு கார்டு விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னான். ஆட்களின் பெயரை மட்டும் சொல்லவில்லை. "கம்பெனிக்குத் தெரிஞ்சா அவங்க எல்லாருக்கும் லைன் போயிடும். வேணும்னா என்னை வேண்டாம்னு சொல்லிடுங்க, அவங்களை மட்டும் காட்டிக் குடுத்துடாதீங்க."

"நான் யாருகிட்ட போய்ச் சொல்லப் போறேன். இருங்க, சரியா வருதான்னு பாப்போம்." மரகதம் சுவாரசியமாகக் கம்பியை விட்டு நிமிர்ந்தாள். "வயசான ஒருத்தர் பரதநாட்டியம் கத்துக்கறார். ஒரு மாமிக்குக் கருவாடு. ஒரு பொண்ணு வீட்டுக்குத் தெரியாம கப்பல் வேலைக்குப் படிக்கறா. ஒருத்தர் தண்ணி மோட்டார் மேல கவிதை எழுதறார், தாங்க முடியல. இன்னொருத்தர் தினமும் ஏதோ ஒரு ஊர்ல மழை பெய்யுதான்னு மட்டும் பார்த்துட்டுப் போயிடறார்."

"சரியாத்தான் இருக்கும்ங்க" என்றான் நீலமேகம். அந்தோணிக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம் என்பது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இன்னும் ரெண்டு பேர். ஒருத்தர் பொண்டாட்டிகிட்ட எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னு தேடிக்கிட்டே இருக்கார். கேட்டாரான்னு தெரியல, ஏன்னா மறுநாளும் தேடறார். ஒரு அம்மா தனியா இருக்க ஒத்தை ரூம் வீடு கிடைக்குமான்னு பாக்கறாங்க. ரெண்டும் எப்பவும் சேர்ந்தேதான் வருது. ஒரே வீடுன்னு நினைக்கிறேன்."

யாரென்று நீலமேகத்துக்குப் புரிந்துவிட்டது. பிரணவ் சாரும் ரியா அக்காவும். அவர் கேட்காத மன்னிப்பும் அவள் தேடிய வீடும் மூன்று வருஷமாக அவன் காது வழியாகவே போயிருக்கின்றன. ஒன்றுக்கொன்று இடித்துக்கொள்ளாமல் இரண்டுக்கும் பாதை விட்டுக் கொடுத்தவன் அவன்தான். அவனுக்குத் தன் மீதே கோபம் வந்தது.

"ஆக மொத்தம் ஏழு பேர்" என்றாள் மரகதம்.

"என்னோட சேர்த்து எட்டு."

"இல்லை, ஏழுதான்."

"எட்டுங்க. லைனே என்னோடதுதானே."

"அதனாலதான் ஒரு வாரமாத் தேடினேன். அந்த ஏழு பேரும் எனக்கு அத்துப்படி. எட்டாவதா ஒருத்தர் அதுல இல்லவே இல்லை. நீங்க எங்க?"

நீலமேகம் தன்னைத் தேடிப் பார்த்தான். லைன் நெருக்கடியானபோது முதலில் பாட்டுக் கேட்பதை விட்டான். பிறகு செய்தியை விட்டான். பிறகு வெளியூர்ப் படங்கள் பார்ப்பதை விட்டான். அப்புறம் தேடுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று நினைத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டான். கேட்டவர்களுக்கெல்லாம் இடம் விட்டு விட்டு, தான் எந்த இடத்தில் இறங்கிப் போனோம் என்று அவனுக்கே தெரியவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை அழுதால் நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டான்.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன்" என்றான். "உங்க நிழல்கிட்ட நான் பேசவே இல்லை. எனக்கு லைன் கிடைக்கல. உள்ள உங்க அம்மாகிட்ட நல்ல மாதிரின்னு சொன்னது பொய்."

"ஒரு வார்த்தைகூடப் பேசலையா?"

"ஒரு வார்த்தைகூட."

மரகதம் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு கைக்குள் அடங்காமல் வெளியே வந்தது. கண்ணாடிக்கு உள்ளே ஹர்ஷினி எட்டிப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு. அதுல பேசறது முழுக்க எங்கம்மா."

"என்னது?"

"காப்பகம் எங்க தெருவுலயே இருக்கு, பஸ் ஏற வேண்டாம். குழந்தைங்க பிச்சு எறிஞ்சுடும்னு வேலைக்குப் போறப்ப கார்டைக் கழட்டி வீட்டுல வச்சுட்டுப் போவேன். அம்மா அதை எடுத்துத் தன் காதுல ஒட்டிக்கிட்டு, நாள் பூராப் பக்திச் சொற்பொழிவு, கோலம், மாமியாரை அனுசரிச்சுப் போறது எப்படி... பொண்ணு நிழல் லட்சணமா இருக்கணுமாம். பதினொரு பேரும் அதைக் கேட்டு மயங்கித்தான் வந்தாங்க. நேர்ல என்கிட்டப் பேசினதும் ஏமாந்து போயிட்டாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை, அவங்க எங்கம்மாவைப் பொண்ணு பார்க்க வந்தவங்க."

இப்போது நீலமேகத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படின்னா நமக்கு ஒருத்தரை ஒருத்தர் சுத்தமாத் தெரியாது" என்றாள் மரகதம். அவள் அதை மனக்குறையாகச் சொல்லவில்லை.

நீலமேகம் இடது காதுக்குப் பின்னால் விரலை விட்டுக் கார்டைப் பிய்த்தான். மூன்று வருஷத்தில் முதல் தடவை. கொஞ்சம் தோலும் சேர்ந்து வந்தது. காது சில்லென்று ஆயிற்று. கார்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"உங்களுக்கு என்னவெல்லாம் பிடிக்காது?" என்று கேட்டான்.

"உக்காந்துக்கோங்க. நேரமாகும்" என்றாள் மரகதம்.

பேசி முடித்து, கேசரியை இரண்டாவது முறை சாப்பிட்டுவிட்டு, அம்மாவும் பிள்ளையும் கூடுவாஞ்சேரி திரும்பியபோது விளக்கு வைக்கும் நேரம். வாசலிலேயே ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"லைனுக்கு என்னப்பா ஆச்சு?" என்றார் ரோஹித் சார். அவசரத்தில் காலில் சலங்கையோடு வந்திருந்தார்.

"மத்தியானத்துல இருந்து இல்லை, சார்" என்றான் தேஜஸ். தனக்கு எப்படித் தெரியும் என்பதை அவன் விளக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, நீங்களுமா என்று கேட்கவும் முடியாமல் நின்றார்கள்.

"பொண்ணு எப்படின்னு ஒருத்தராவது கேக்கறாங்களா பாரு" என்றாள் ஸ்வேதா. லைன் கதை எதுவும் புரியாமல் அவள் படியேறிப் போய்விட்டாள்.

பிரணவ் சாரும் ரியா அக்காவும் மட்டும் வரவில்லை. அவர்கள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. தேடிப் பார்க்க லைன் இல்லாததால் பிரணவ் சார் வாய்க்கு வந்ததை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். பத்து வருஷத்துக்கு முந்தின சண்டையும் நேற்றைய சண்டையும் குழம்பிப்போய் எதற்கு எது மன்னிப்பு என்றே தெரியவில்லை. "இருங்க, இருங்க" என்று ரியா அக்காவின் குரல் கேட்டது. "ஒண்ணும் புரியல. முதல்ல இருந்து சொல்லுங்க."

நீலமேகம் அண்ணாந்து அந்த ஜன்னலைப் பார்த்தான். பிறகு கீழே நின்றவர்களைப் பார்த்தான்.

"இனிமே சாயங்காலத்துல லைன் இருக்காது. நான் கழட்டி வச்சிடுவேன்" என்றான்.

அவன் வாயிலிருந்து இருக்காது என்ற சொல் வந்ததில் ஐவரும் திகைத்துப் போனார்கள்.

"எங்க மேல கோபமாப்பா?" என்றார் சார்.

"இல்லை சார். எனக்குன்னு கொஞ்சம் வேணும்."

"உனக்கு என்னப்பா இருக்கு, ஒளிஞ்சு பார்க்க?"

"நேத்து வரைக்கும் ஒண்ணும் இல்லை சார். இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு. அதைக் கம்பெனி கண்ணுல காட்ட எனக்கு மனசு வரலை." நீலமேகம் கொஞ்சம் தயங்கினான். அவன் இதுவரை யாரிடமும் எதையும் கேட்டதில்லை. "உங்கள்ல யாராவது இடது காதைக் கொஞ்ச நாளைக்குக் குடுக்கறீங்களா?"

ரோஹித் சார் குனிந்து சலங்கையைக் கழற்ற ஆரம்பித்தார். தேஜஸுக்கு மோட்டார் போட்டது ஞாபகம் வந்தது. பொற்கொடிக்குப் படிக்க வேண்டியிருந்தது. அந்தோணி கேட்டைச் சாத்தப் போனார்.

தன்யா மாமி மட்டும் நின்றாள். தலையிலிருந்த பூவை ஒதுக்கி, காதை அவன் பக்கம் திருப்பினாள்.

"இங்க ஒட்டுடா. என் நிழல் ரொம்பத்தான் மடி ஆசாரமா இருக்கு. நேக்கே அலுத்துப்போச்சு."

நீலமேகம் சட்டைப் பைக்குள் கையை விட்டான்.